ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வருவார்

ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்துகொண்டு, மூடியை எங்கே நெம்பினால் திறக்கும் என்று கெசியா விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு ஜோடி தோல் செருப்பு. வாசலில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு உள்ளே வந்த ஜாஸ்மின் இதைப் பார்த்ததும் மகளின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

“என்னடி பண்ற?”

“பெரியப்பாவுக்குச் சாக்ஸ் மட்டும் மாட்டி விட்டுட்டீங்க. நாளைக்கு எழுந்து வரும்போது சாக்ஸோட எப்படிம்மா நடப்பாரு? கல்லறைத் தோட்டம் ஃபுல்லா நெருஞ்சி முள்ளு.”

பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஸ்மின் செருப்பை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். நாளைக்கு எழுந்து வருவதாவது என்று ஒரு கணம் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் செருப்பைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள்.

அந்த வினை அவளே செய்து வைத்தது.

ஜாஸ்மின் சபையில் சின்னப் பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி டீச்சர். போன ஞாயிறு, குருத்தோலைப் பவனி முடிந்த கையோடு, ஈஸ்டர் பாடம் எடுத்தாள். கணவன் டேனியலின் ஷூ வந்த அட்டைப் பெட்டிதான் கல்லறை. தெர்மோகோலை வட்டமாக வெட்டிப் பழுப்பு வண்ணம் அடித்ததுதான் கல். வெள்ளை ரிப்பன் சுற்றிய பொம்மையை உள்ளே படுக்க வைத்தாள். இயேசப்பா வெள்ளிக்கிழமை செத்தார், சனிக்கிழமை முழுக்க உள்ளே இருந்தார் என்று விரல் மடக்கிச் சொல்லி, எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது கல் புரண்டு கிடந்தது, பெட்டி காலி. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். இந்தப் பாடத்தை இனி ஒரு பிள்ளையும் மறக்காது என்று ஜாஸ்மின் அன்றைக்கு உள்ளுக்குள் பூரித்துப் போனாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்த மகள் மறக்கவே இல்லை.

பெரியப்பாவும் வெள்ளிக்கிழமைதானே செத்தார்.

ஆரோன், டேனியலின் அண்ணன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர். தம்பி வீட்டிலேயே காலம் தள்ளினார், தள்ளினார் என்பதைவிட ஆண்டார் என்று சொல்லலாம். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். வேலை விட்டாலும் பழக்கம் விடவில்லை. வீட்டுக்குள் வரும் எதையும் தட்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். தர்பூசணியைத் தட்டுவார், பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவார். சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளம் போதகரையும் முதுகில் இரண்டு தட்டு தட்டி, “பாஸ் பண்ணிடலாம்” என்றார். கெசியாவுக்கும் நாலு வயது ஈத்தனுக்கும் அவர்தான் பள்ளிக்கூட வண்டி, அவர்தான் ஆஸ்பத்திரித் துணை, அவர்தான் விளையாட்டுச் சாமான்.

நேற்று பெரிய வெள்ளி. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் சபை வாசலில் நின்று அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றினார். ஒவ்வொருவரிடமும் துவையல் காரம் என்று எச்சரித்தார். வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர், நெஞ்சு கரிக்கிறது, ஒரு கோலி சோடா கிடைக்குமா என்றார். டேனியல் சோடாவோடு வரும்போது தலை சாய்ந்திருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தாம்பரம் வரைக்கும் ஓடியதெல்லாம் மனசு ஆறுவதற்காகத்தான்.

அவர்கள் குடியிருப்பது இரும்புலியூரில், வீட்டுக்காரர் குப்புராஜ் வீட்டின் முதல் மாடியில். ஐஸ் பெட்டி வந்தபோது மாடிப்படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கீழ் வீட்டு ஜஹீரா அக்கா வெளியே வந்து பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தன் ஹாலில் இருந்த சோபாவைத் தன் பிள்ளைகளிடம் நகர்த்தச் சொன்னார். அப்படித்தான் ஆரோன் ஜஹீரா அக்காவின் ஹாலில் வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாகப் படுத்திருந்தார்.

செருப்பைப் பிடுங்கி வைத்ததோடு விஷயம் முடிந்துவிடும் என்று ஜாஸ்மின் நினைத்தாள். முடியவில்லை. கெசியா வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை எல்லாம் அழைக்கத் தொடங்கியிருந்தாள். குரோம்பேட்டையிலிருந்து வந்த அத்தைப் பாட்டி ஒருவர் ஓவென்று அழுதுகொண்டே வாசற்படி ஏறியபோது, அழாதீங்க, நாளைக்குக் காலையில் வாங்க, பெரியப்பாகிட்டயே பேசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா இன்னும் பலமாக அழுதுவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சலா என்று ஜாஸ்மினின் காதில் கேட்டார். ஈத்தன் அக்காவுக்கு உதவியாக, பெரியப்பா எழுந்ததும் பசிக்குமே என்று இரண்டு பிஸ்கட்டைக் கால்சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு திரிந்தான். பத்து மணிக்குள் அது மாவாகிவிட்டது.

வீட்டுக்காரர் குப்புராஜ் அந்தப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம், இப்போது வாடகை. மாலையில் மொட்டை மாடியில் ஆரோனோடு கேரம் ஆடுவது அவருக்குச் சாப்பாடு மாதிரி. அவர் டேனியலைத் தனியாகச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய், குரலை இறக்கினார்.

“இன்னா டேனியலு, கொயந்த நாளைக்கு வந்துடுவாருன்னு சொல்லிக்கினு கீது. உங்க வேதத்துல அப்டி எதுனா கீதா? நான் பின்னாடி வூட்ல தனியா கெடக்கறவன். முன்னாடியே சொல்லிட்டா தேவல.”

டேனியல் நேற்றிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தான். சிரிப்பு வேறு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகப் பார்க்கவே, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். குப்புராஜ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுத்து, வந்தால் நல்லதுதான், ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது என்றும் சொன்னார்.

ஜஹீரா அக்காவின் சமையலறையில் வைத்துக் கணவனும் மனைவியும் பேசினார்கள். டேனியலுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை, இரண்டு நாளில் மறந்துவிடும் என்றான். ஜாஸ்மின் அதற்கு, இரண்டு நாள் எங்கே இருக்கிறது, விடிந்தால் கல்லறைத் தோட்டம் என்றாள்.

அவர்கள் சபையில் ஈஸ்டர் ஆராதனை கோயிலுக்குள் தொடங்குவதில்லை. விடியற்காலை இருட்டோடு எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போவார்கள். செத்தவர்களின் நடுவில் நின்றுதான் முதல் பாட்டு. சூரியன் எழும்புகிறவரைக்கும் அங்கேதான். கெசியா ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு முன்னால் நின்று பாட வேண்டும். பெரியப்பாவை அடக்கம் செய்த புது மண்மேட்டுக்கு நேர் எதிரே, அத்தனை பேர் நடுவில், அந்தப் பிள்ளை பெரியப்பா வருவார் என்று பார்த்துக்கொண்டே நிற்கும். வெளிச்சம் வரும். மண் அப்படியே கிடக்கும். அப்போது அந்த முகம் எப்படி ஆகும் என்பதை ஜாஸ்மினால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“அப்ப வரமாட்டாருன்னு சொல்லிடு” என்றான் டேனியல்.

“சொன்னா, அப்ப பொட்டி காலியானதும் பொய்யான்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?”

பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஜஹீரா அக்கா, இது வேறு வீட்டு வேதம், நாம் வாயை வைக்கக் கூடாது என்று நினைத்தவர் மாதிரி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி அடங்கியதும் திரும்பினார்.

“செத்தவங்கள எழுப்புற நாளு எங்களுக்கும் கீதும்மா. ஆனா நாங்க எங்க பசங்களுக்கு அத்த ரொம்ப தூரத்துல சொல்லி வெச்சிட்டோம். நீ நாளைக்குக் காலைலன்னு சொல்லி வெச்சிருக்கே.”

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று பல்லைக் கடித்தாள். ஜஹீரா அக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஆரோனின் கைப்பேசி அடித்தது. கறிக்கடை அசார். நாற்பது நாள் லெந்து நோன்பு முடியப் போகிறதே என்று ஆரோன் புதன்கிழமையே சொல்லி வைத்திருக்கிறார், தொடைக்கறி தனியாக எடுத்து வைத்தாயிற்று, சாரே வருவாரா அல்லது கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டான். ஜாஸ்மின் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கறி வெட்டும் சத்தம் நின்றது. ஜஹீரா அக்கா கைப்பேசியை வாங்கி, கொடுத்தனுப்பு, நான் சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். பிள்ளைகளுக்குப் பண்டிகை பண்டிகைதான், அந்த மனுஷனும் அதைத்தான் சொல்வார் என்று அதற்கு விளக்கமும் கொடுத்தார்.

மதியம் போதகர் வந்தபோது ஜாஸ்மின் அவரையும் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் தாடியைத் தடவினார். போகப் போகப் புரியும் அக்கா என்றார். அப்புறம் தயங்கி, எனக்கும் சிலது போகப் போகத்தான் புரிகிறது என்றும் சொல்லிவிட்டு அங்கியை மாட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

ஐஸ் பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். மூடியை வைக்கும் முன்னால் டேனியல் கதவுக்குப் பின்னால் போனான். செருப்பை எடுத்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், அண்ணனின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து வெள்ளைத் துணியால் மூடினான். சொந்தக்காரர் ஒருவர் இது என்ன பழக்கம் என்றார். எங்க வீட்டுப் பழக்கம் என்றான் டேனியல். கெசியா திருப்தியாகத் தலையாட்டினாள். ஜாஸ்மினுக்குத்தான் தலையில் கை வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கல்லறைத் தோட்டம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. மண் போடும்போது போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னார். மண்ணுக்குத் திரும்புகிறவன் மண்ணோடு முடிந்துபோவதில்லை, இவர் எழுந்திருப்பார் என்று சத்தமாகவே சொன்னார். கெசியா தாயின் புடவையை இழுத்தாள்.

“பாத்தியா? பாஸ்டரும் சொல்றாரு.”

சாயங்காலம் ஜஹீரா அக்கா வீட்டு ஹாலைக் கழுவிவிட்டு, எல்லோரும் தலைக்குக் குளித்தார்கள். ஜாஸ்மின் கெசியாவை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலை துவட்டினாள். கீழே ஈத்தன் குப்புராஜோடு கேரம் காய்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அது போய் மறைகிறவரை ஜாஸ்மின் காத்திருந்தாள். துண்டைக் கீழே வைத்தாள். மகளைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள்.

“பெரியப்பா நாளைக்கு வரமாட்டாரு.”

கெசியா அவளையே பார்த்தாள். அழவில்லை. பள்ளியில் டீச்சர் கணக்கைத் தப்பாகப் போடும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

“நாளைக்குத்தானே மூணாவது நாளு?”

“அது இயேசப்பாவுக்கு.”

“பெரியப்பாவும் வெள்ளிக்கிழமைதானே செத்தாரு. கஞ்சி எல்லாம் ஊத்திட்டுதானே செத்தாரு.”

“ஆமாம்மா.”

“அப்ப பெரியப்பா எழுந்திருக்கவே மாட்டாரா?”

“எழுந்திருப்பாரு.” சொல்லிவிட்டு ஜாஸ்மின் நிறுத்தினாள். இதைப் பலகையில் எழுதிப் போட்டுப் பல வருஷமாகப் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்திருக்கிறாள். தனியாக, ஒரே ஒரு ஆளுக்கு, முகத்துக்கு நேராகச் சொன்னது இதுதான் முதல் தடவை. “ஆனா நாளைக்கு இல்ல. முதல்ல எழுந்தது இயேசப்பா. மத்தவங்க எல்லாம் அவருக்கு அப்புறம்.”

கெசியா யோசித்தாள். ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு மூக்கில் இறங்கியது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“டோக்கன் மாதிரியா?”

ஜாஸ்மினுக்கு முதலில் விளங்கவில்லை. கெசியாதான் விளக்கினாள். குழந்தை டாக்டர் கிளினிக்கில் எல்லோருக்கும் டோக்கன் இருக்கும், எல்லோரையும் டாக்டர் பார்ப்பார், ஆனால் ஒரே நேரத்தில் எல்லோரும் உள்ளே போனால் திட்டுவார். இதையெல்லாம் பெரியப்பாதான் சொல்லித் தந்தாராம். விடியற்காலையிலேயே போய் டோக்கன் போட்டு வைப்பவரும் அவர்தான்.

“அந்த மாதிரிதான்” என்றாள் ஜாஸ்மின்.

“இயேசப்பா ஒண்ணாம் நம்பர்.”

“ம்.”

“பெரியப்பா எத்தனாவது?”

“தெரியாது.”

“நீதானே டீச்சர்?”

“டீச்சருக்கும் தெரியாதும்மா. நிஜமா தெரியாது. யாருக்குமே தெரியாது.”

இந்தப் பதிலை எதிர்பார்த்திராத மாதிரி கெசியா புருவத்தைச் சுருக்கினாள். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள் போலிருக்கிறது. பிறகு கேட்டாள்.

“நம்பர் வந்தா எப்படித் தெரியும்? பெரியப்பா தூங்கிட்டு இருப்பாரே.”

“பேர் சொல்லிக் கூப்பிடுவாரு.”

“சத்தமா கூப்பிடச் சொல்லு. பெரியப்பாவுக்கு இடது காது கேக்காது.”

ஜாஸ்மின் துண்டை எடுத்து மறுபடியும் துவட்டத் தொடங்கினாள். துவட்டிய இடத்தையே திரும்பத் திரும்பத் துவட்டினாள். அதற்கப்புறம் கெசியா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை, ஜெபம் பண்ணிப் படுக்கும்போதும் பேசவில்லை. புரிந்துகொண்டாளா, உடைந்துபோனாளா, இல்லை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாளா என்று ஜாஸ்மினுக்குத் தெரியவில்லை.

விடிவதற்கு முன்னால் எல்லோரும் நடந்தார்கள். காகிதக் கோப்பைகளில் மெழுகுவர்த்தி. சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு, மெதுவாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல். புது மண்மேட்டில் நேற்றைய மாலைகள் வாடிக் கிடந்தன, மரச் சிலுவையில் ஆரோன் என்ற பெயரில் வண்ணம் இன்னும் ஈரமாக இருந்தது. பிள்ளைகளை அதற்கு எதிரேதான் நிறுத்தினார்கள். ஜாஸ்மின் பக்கவாட்டில் நின்று தாளம் காட்ட வேண்டியவள். கை தாளம் காட்டியது, கண் மகளை விட்டு நகரவில்லை. கெசியா வாயைத் திறந்து பாடினாள். எல்லோரையும்விடச் சத்தமாக, சுதி சேராமல், பாடினாள். கண் மட்டும் மண்மேட்டின் மேலேயே இருந்தது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வானம் வெளுத்தது. மின்சார ரயில் ஒன்று கடற்கரை ஸ்டேஷன் பக்கம் போனது. பாட்டு முடிவதற்குள் வெளிச்சம் மரங்களின் மேல் ஏறி, சிலுவைகளின் மேல் இறங்கி, எல்லோருடைய மெழுகுவர்த்தியையும் வேண்டாததாக ஆக்கிவிட்டது. போதகர் ஆசீர்வாதம் சொன்னார். எங்கு பார்த்தாலும் ஈஸ்டர் வாழ்த்து, கைகுலுக்கல். அவரவர் வீட்டுக் கல்லறையைத் தேடி ஜனங்கள் கலைந்தார்கள்.

ஜாஸ்மின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெசியா கையை உருவிக்கொண்டாள்.

நேராக மண்மேட்டுக்குப் போனாள். குனிந்தாள். வாடிய மாலை ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, விரல் முட்டியால் மண்ணை இரண்டு தட்டு தட்டினாள். இடது காது கேட்காதவரிடம் பேசும்போது எல்லோரும் செய்கிற மாதிரி வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“பெரியப்பா, ஹாப்பி ஈஸ்டர். இன்னைக்கு உங்க நம்பர் வரல. ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவா வாங்க.”

எழுந்து கவுனில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வாசலில் சபைக்காரர்கள் பன்னும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தீர்ந்துவிடும் என்று ஈத்தன் அங்கிருந்து கத்தினான். கெசியா இரண்டு கல்லறைகளுக்கு நடுவே வழி பார்த்து, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வழியில் பார்த்த ஒரு கிழவருக்கும் ஹாப்பி ஈஸ்டர் சொன்னாள்.

தோட்டம் காலியாகிக்கொண்டு வந்தது. டேனியல் வீட்டுக்குப் போய் எடுத்து வந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, போகலாமா என்று தூரத்திலிருந்தே சைகை செய்தான். ஜாஸ்மின் வருகிறேன் என்று கை காட்டினாள். வெயில் இப்போது மண்மேட்டின் பாதிவரை ஏறியிருந்தது. மேட்டின் நடுவில் ஒரு சின்ன மண்கட்டி தானாகவே நழுவி, பக்கவாட்டில் உருண்டு, அவள் கால் பெருவிரலுக்கு அருகே வந்து நின்றது.

டேனியல் ஹாரன் அடித்தான். அவள் மண்மேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்ச நேரம் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.